கதிர்ப்பாத்திரம் வாங்கும்போது கதிர்களை எண்ணாதீர்கள்

சூரிய வடிவம், பித்தளை வார்ப்பு, மேலே தங்க முலாம். உயரம் 60 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு, எடை 3 கிலோவை ஒட்டி. அப்பத்தைப் பிடித்து நிறுத்தும் வட்டச் சட்டமான லூனா ஒன்று, கண்ணாடி பதித்தது, கூடவே வந்தது. புதிதாகத் தொடங்கிய எங்கள் நற்கருணை ஆராதனைக் குழுவுக்காக வாங்கிய கதிர்ப்பாத்திரம் இதுதான். திருப்பலியில் அர்ப்பணிக்கப்பட்ட அப்பமான நற்கருணையை எல்லாரும் பார்த்து ஆராதிக்கும்படி வைக்கும் பாத்திரம். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். அந்த ஒன்றரை எங்கே போனது என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். குழு தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் இந்த ஒரு பொருளில்தான் கையிருப்பு முழுவதையும் கொட்டுகிறார்கள்.

செய்து கொடுத்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே அச்சில் பல பேர் வார்த்து விற்கிறார்கள், ஒருவரை மட்டும் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. வேலையில் இருந்த காலம் முழுக்க நான் கொள்முதல் பிரிவில் இருந்தவள். சரக்கு வந்து இறங்கினால் எல்லாரும் முகப்பைப் பார்ப்பார்கள், நான் கவிழ்த்து அடியைப் பார்ப்பேன். கோயில் பொருளுக்கும் அதே பார்வைதான். அதனால் பக்தி ஒன்றும் குறைந்துவிடாது.

வாங்கியதற்கு முந்தைய கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஆராதனைக்கென்று ஒரு பொதுநிலையினர் (குருக்களோ துறவியரோ அல்லாதவர்கள்) குழு தொடங்கலாம் என்று நாங்கள் சிலர் கூடிய முதல் கூட்டத்தில் பேச்சு முழுக்க இந்தப் பாத்திரத்தைப் பற்றித்தான். எத்தனை கதிர், நடுவில் சம்மனசுகள் வேண்டுமா, கல் பதிக்கலாமா. "பெருசா இருந்தாத்தான் அக்கா கடைசி பெஞ்சு வரைக்கும் தெரியும்" என்று ஒரு தம்பி கையை விரித்துக் காட்டினான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த பங்குத்தந்தை ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சரி, உட்கார ஆள் எத்தனை பேர்?" கூட்டம் அமைதியாகிவிட்டது.

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. 2004-ல் வந்த 'மீட்பின் அருளடையாளம்' என்ற உரோமை அறிவுரை, எண் 138-ல் தெளிவாகச் சொல்கிறது: எழுந்தேற்றம் செய்யப்பட்ட, அதாவது ஆராதனைக்காக வெளியே எடுத்து வைக்கப்பட்ட, நற்கருணையை ஒரு கண நேரம்கூட ஆளில்லாமல் விடக் கூடாது. முறை வைத்தாவது குறித்த நேரங்களில் யாராவது இருந்தாக வேண்டும். இரவு பகலாகத் தொடர் ஆராதனை என்று ஆசைப்பட்டால் வாரத்துக்கு 168 மணி நேரம். மணிக்கு இரண்டு பேர் என்று வைத்தால் 336 இடங்களை நிரப்ப வேண்டும். ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவருக்கு வெளியூர்ப் பயணம் என்று வந்தால் மாற்றாள் தனி. ஆராதனைக் குழு என்பது நடைமுறையில் ஒரு பெயர்ப்பட்டியலும் அதைக் கட்டி மேய்க்க ஒரு ஆளும்தான். எங்கள் பட்டியலைப் பார்த்துவிட்டு ஃபாதர், "வியாழன் சாயங்காலம் ஒரு மணி நேரம். அது நின்னா அப்புறம் பார்ப்போம்" என்றார்.

இன்னொன்றையும் அன்றைக்கு அவர்தான் சொன்னார். பாத்திரமே இல்லாமலும் தொடங்கலாம். திருச்சபைச் சட்டம் 941, எழுந்தேற்றத்தைக் கதிர்ப்பாத்திரத்திலோ சிபோரியத்திலோ (நற்கருணை அப்பங்களை வைக்கும் மூடி போட்ட கலம்) செய்யலாம் என்கிறது. திருப்பலிக்கு வெளியே நற்கருணை வணக்கத்துக்காக 1973-ல் வந்த சடங்குமுறையிலும் அப்படித்தான். கதிர்ப்பாத்திரம் என்றால் நான்கு அல்லது ஆறு மெழுகுவர்த்தியும் தூபமும் வேண்டும், சிபோரியம் என்றால் குறைந்தது இரண்டு மெழுகுவர்த்தி போதும், தூபம் விருப்பம். ஆகவே முதல் மாதங்களில் எங்கள் ஆராதனை, கோயிலில் நற்கருணையைப் பூட்டி வைக்கும் பேழையில் இருந்த சிபோரியத்தோடுதான் நடந்தது. குழு தொடங்கப் போகிறவர்கள் இந்த ஒரு வரியை மட்டும் படித்துவிட்டு நிறுத்திக்கொண்டாலும் எனக்குச் சம்மதம். பட்டியல் நிற்கிறதா என்று சிபோரியத்தில் பாருங்கள், நின்ற பிறகு பாத்திரத்துக்குப் போங்கள்.

இனி பொருளுக்கு வருகிறேன்.

கதிர்ப்பாத்திரத்தில் முதலில் சோதிக்க வேண்டியது லூனாவை. நடுவில் அப்பத்தைத் தாங்கி நிற்கும் அந்த வட்டச் சட்டம்தான் பாத்திரம். மற்றதெல்லாம் அதைத் தூக்கிப் பிடிக்கும் அலங்காரம். லூனாவில் இரண்டு வகை உண்டு. பிறை வடிவக் கவ்வி ஒன்று, அப்பத்தைக் கீழே மட்டும் பிடித்துக்கொள்ளும். மற்றது இரண்டு கண்ணாடி வட்டங்களுக்கு நடுவே அப்பத்தை வைத்து மூடும் வகை. புதிய குழுவுக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். கவ்வியில் அப்பம் சற்றுச் சாய்ந்தாலும் ஓரம் நொறுங்கும். பழகிய குருவின் கை என்றால் பரவாயில்லை, எங்களைப் போன்றவர்கள் கை வைக்கும் பாத்திரத்துக்கு மூடிய லூனாதான் பத்திரம்.

எங்களைப் போன்றவர்கள் ஏன் கை வைக்கிறோம் என்று சிலர் புருவம் உயர்த்துவார்கள். சட்டம் 943-இன்படி எழுந்தேற்றத்துக்கும் நற்கருணை ஆசீருக்கும் உரிய பணியாளர் குருவோ திருத்தொண்டரோதான். தனிப்பட்ட சூழல்களில், ஆசீர் இல்லாமல், எழுந்தேற்றம் செய்வதையும் திரும்பப் பேழையில் வைப்பதையும் மட்டும் பீடத்துணைவரோ, சிறப்பு நற்கருணைப் பணியாளரோ, ஆயர் நியமித்த வேறொருவரோ செய்யலாம். 1973 சடங்குமுறை இன்னும் ஒரு படி போய், நற்கருணை ஆராதனைக்கென்றே உள்ள பொதுநிலையினர் அமைப்பின் உறுப்பினரையும் அந்த வரிசையில் பெயர் சொல்லிச் சேர்க்கிறது. அதற்கும் நியமனம் வேண்டும், ஆசீர் கிடையாது. எங்கள் குழுவில் இருவருக்கு ஆயரகத்திலிருந்து கடிதம் வந்த பிறகுதான் அவர்கள் பேழைச் சாவியைத் தொட்டார்கள்.

ஆகவே வாங்கும்போது என் மனதில் இருந்தது அந்த இருவர். ஒருவர் கண்ணாடி போடாமல் கடிகாரம் பார்க்க முடியாதவர், இன்னொருவருக்கு விரல் மூட்டு வலி. பாத்திரத்தின் பின்பக்கக் கதவு அவர்கள் கையில் சத்தமில்லாமல் திறந்து மூட வேண்டும். நாங்கள் பார்த்த மாதிரிகளில் ஒன்றில் கதவைத் திருகாணி போட்டு இறுக்கியிருந்தார்கள். பார்க்கக் கச்சிதம், ஆனால் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அந்தச் சின்னத் திருகாணி பீடத்துக்கு அடியில் உருண்டால் முழங்காலில் தேட வேண்டியதுதான். எங்கள் பாத்திரத்தில் இருப்பது திருப்பு கொக்கி. கட்டை விரலால் கால் வட்டம் திருப்பினால் திறக்கிறது. இதற்கு முழு மதிப்பெண்.

லூனாவுக்கு அரை மதிப்பெண் குறைத்தேன். காரணம் சொல்கிறேன். ஆர்டர் கொடுக்கும்போதே அப்பத்தின் அளவைச் சொல்லியிருந்தோம். குருக்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் பெரிய அப்பம், குறுக்களவு ஏறத்தாழ 7 செ.மீ. வந்த லூனாவில் அப்பம் அகலத்தில் சரியாக உட்கார்ந்தது, தடிமனில்தான் இடித்தது. மெல்லிய வெள்ளை அப்பத்துக்கு அளவெடுத்துச் செய்திருக்கிறார்கள். எங்களுக்கு வருவது கொஞ்சம் தடித்த, நடுவில் சிலுவை புடைத்து நிற்கும் வகை. மூடினால் புடைப்பு கண்ணாடியில் உரசியது. எடுத்துப் பார்த்தால் கண்ணாடியில் மாவு படிந்த ஒரு வளையம்.

அர்ப்பணிக்கப்படாத அப்பத்தை வைத்து ஒரு சோதனை செய்தேன். யார் வாங்கினாலும் இதைச் செய்யுங்கள். மேசையில் ஒரு கறுப்புத் தாளை விரித்து, அப்பம் வைத்து மூடிய லூனாவை அதன்மேல் பிடித்துக்கொண்டு, பவனியில் நடக்கும் அளவுக்கு மெல்ல அசைத்தேன். பிறகு கீல் பக்கம் விரலால் லேசாகத் தட்டினேன். கறுப்புத் தாளில் கீலுக்கு நேர் கீழே பொடிப்பொடியாக நான்கைந்து வெள்ளைத் துகள்கள். எங்கள் பொருளாளர், "இவ்வளவு நுணுக்கமா பாக்கணுமா?" என்றார். அர்ப்பணிக்கப்பட்ட பிறகு அந்தத் துகளும் ஆண்டவரின் திருவுடல் என்றுதானே நம்புகிறோம்? நம்பிக்கை நிஜமென்றால் கீலின் இடைவெளியும் நிஜம்தான். அவர் அதற்குமேல் பேசவில்லை.

நிறுவனத்தில் முதலில் "எல்லாருக்கும் இதையேதான் மேடம் அனுப்புறோம், யாரும் எதுவும் சொன்னதில்லை" என்றார்கள். படம் எடுத்து அனுப்பிய பிறகு மாற்றித் தந்தார்கள், மறுபேச்சு இல்லை. இரண்டாவது லூனா நன்றாக மூடுகிறது, கண்ணாடிக்கும் அப்பத்துக்கும் நடுவில் மூச்சு விடும் இடைவெளி இருக்கிறது. ஆனால் இதன் சட்டம் கொஞ்சம் மெலிதாகிவிட்டதால் பாத்திரத்தின் தடத்தில் ஆடியது. தூக்கினால் டக் என்று ஒரு சத்தம், அப்பம் முன்பக்கம் சாய்ந்தது. மறுபடி அனுப்பி வாங்கும் பொறுமை எங்களுக்கு இல்லை. நகை வேலை செய்யும் ஒருவரிடம் கொடுத்துத் தடத்தின் இரு பக்கமும் சிறு பட்டை வைத்துப் பற்றவைத்தோம். ஃபாதர் அதுவரை பாத்திரத்தை மந்திரிக்காமல் (ஆசீர்வதிக்காமல்) காத்திருந்தார். வேலை, தேய்ப்பு, பற்றவைப்பு எதுவானாலும் மந்திரிப்புக்கு முன்பே முடித்துவிடுங்கள். ஆராதனைக்கென்று ஒதுக்கப்பட்ட திருப்பொருளை மரியாதையோடு கையாள வேண்டும் என்று சட்டம் 1171 சொல்கிறது. மந்திரித்த பாத்திரத்தைப் பட்டறைக்கு எடுத்துப் போகும்போது கை கூசும்.

கதிர்களைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஆசையில்லை. நீளமும் குட்டையுமாக மாறி மாறி வருகின்றன, வெளிச்சம் பட்டால் அழகு. ஒரு கதிர் முனை மட்டும் அரம் போடாமல் கூராக இருந்தது. பாத்திரத்தை ஏந்தும்போது குரு போர்த்திக்கொள்ளும் தோள் துகிலின் ஜரிகை அதில் மாட்டி இழுத்தது. அதையும் அதே நகை வேலைக்காரர்தான் மழுக்கினார். கடையில் பார்க்கும்போது கண்ணால் பார்க்காதீர்கள், பட்டுத் துணி ஒன்றைக் கதிர்களைச் சுற்றி மெல்ல இழுத்துப் பாருங்கள். மாட்டினால் சொல்லிவிடும்.

அடிப்பாகம் கனமானது, அகலமும் போதும். தடுமாறவில்லை. நடுவில் தண்டில் இருக்கும் குமிழ் சிலருக்கு வெறும் அலங்காரமாகத் தெரியும். தோள் துகிலால் கையை மூடிக்கொண்டு பாத்திரத்தைத் தூக்கிச் சிலுவை அடையாளம் வரையும் குருவுக்கு அந்தக் குமிழ்தான் பிடி. துணி வழியே பிடிக்கும்போது வழவழப்பான தண்டு நழுவும். எங்களுடையதில் குமிழ் கைக்கு அடக்கமாக, மேலே சின்ன வரிகளோடு இருக்கிறது. வயதான எங்கள் ஃபாதர் முதல் ஆசீர் முடிந்து வந்து, "கை நடுங்கல" என்று மட்டும் சொன்னார். இதைவிடப் பெரிய பாத்திரம் வேண்டுமென்றவர்கள் அதன்பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பெரிய பாத்திரம் என்றதும் ஒரு கிளைக்கதை. எஸ்பானியாவின் தொலேதோ பேராலயத்தில் என்ரிக்கே தே அர்ஃபே 1517-இலிருந்து 1524 வரை உழைத்துச் செய்த கதிர்ப்பாத்திரம் ஆளுயரத்தைத் தாண்டும். அதைக் கையில் ஏந்த முடியாது, வண்டியில் வைத்துத்தான் பவனிக்கு எடுத்துப் போகிறார்கள். கலைப்படைப்பு, மறுக்கவில்லை. திருத்தந்தை நான்காம் உர்பான் 1264-ல் கிறிஸ்துவின் திருவுடல் பெருவிழாவை எல்லாத் திருச்சபைக்கும் ஏற்படுத்திய பிறகுதான் அப்பத்தைக் காட்டி எடுத்துச் செல்லும் இந்தப் பாத்திரங்கள் பெருகின. அப்போது கோபுர வடிவம்தான் அதிகம், சூரிய வடிவம் பிந்தி வந்தது. விற்பனைக்காரர்கள் "இதுதான் பாரம்பரிய வடிவம்" என்று சூரியனை மட்டும் காட்டுவார்கள். சிற்றாலயத்துக்குக் கோபுர வடிவம் அடக்கமாகவும் இருக்கும், துணியிலும் மாட்டாது. இப்போது வாங்கினால் நான் அதைத்தான் கேட்பேன்.

முலாம் பற்றி எழுத்தில் வாங்குங்கள். "கோல்டு பினிஷ்" என்று ரசீதில் எழுதினால் அது வெறும் வண்ணப்பூச்சாகவும் இருக்கலாம். தங்க முலாமா, எத்தனை மைக்ரான், லூனாவின் உட்புறமும் சேர்த்தா என்று கேட்டு எழுதி வாங்கினேன். பொன்னைவிடத் தாழ்ந்த உலோகத்தில் செய்த திருக்கலங்களுக்குப் பொதுவாக உட்புறமாவது பொன்முலாம் வேண்டும் என்பது உரோமைத் திருப்பலி நூலின் பொதுப் படிப்பினை, எண் 328. முலாம் பூசியதைப் பித்தளைக் குத்துவிளக்கு மாதிரித் தேய்க்கக் கூடாது. எங்கள் கோயில்பிள்ளை அண்ணன் நல்ல மனதோடு பாலிஷ் டப்பாவோடு வந்து நின்றார். தடுத்துவிட்டேன். மெல்லிய பருத்தித் துணி, வெறும் துடைப்பு, அவ்வளவுதான். கையில் சானிடைசர் ஈரம் காயாமல் தொட்டால் மேல்பூச்சு மங்கும், அதையும் சாக்ரிஸ்டி (கோயில் பொருள்கள் வைக்கும் அறை) கதவில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

ரசீது யார் பெயரில் என்பதும் பாத்திரத்தின் தரத்துக்குச் சமமான விஷயம். நாங்கள் பங்கின் பெயரில் வாங்கினோம். குழுவின் பெயரில் வாங்கினால் என்ன என்று கேட்டவர்கள் உண்டு. பொதுநிலையினர் தாங்களாகவே கூடிப் பக்திக்காகவும் பிறரன்புக்காகவும் கழகங்கள் தொடங்கலாம், அது அவர்கள் உரிமை. சட்டம் 215 அதைத்தான் சொல்கிறது, இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965-ல் பொதுநிலையினர் பற்றிய ஆணையில் அதையே சொன்னது. ஆனால் நோக்கம், இருப்பிடம், நிர்வாகம், யார் உறுப்பினர் ஆகலாம் என்பதெல்லாம் உள்ள விதிமுறை ஒன்று எழுத வேண்டும் (304). அதிகாரம் உடையவர் அதைப் பார்வையிடாமல் தனியார் கழகம் எதுவும் திருச்சபையில் அங்கீகாரம் பெறாது (299). அவருடைய இசைவு இல்லாமல் 'கத்தோலிக்க' என்று பெயரில் சேர்க்கவும் கூடாது (300). எங்கள் விதிமுறை இன்னும் ஆயரகத்தின் மேசையில் இருக்கிறது. நாளை நாங்கள் சண்டை போட்டுக்கொண்டு பிரிந்தால் அந்தப் பாத்திரம் யார் வீட்டு அலமாரிக்குப் போகும்? பங்கின் பெயரில் இருந்தால் அந்தக் கேள்வியே எழாது. பழைய பக்தசபைகளின் கொடி, கிரீடம், பெட்டிச் சாவிகளுக்காக நடந்த பேச்சுவார்த்தைகளை நான் நிறையப் பார்த்தவள்.

நன்கொடையாளர் பெயர் விவகாரமும் வந்தது. பாதித் தொகையைக் கொடுத்த அண்ணன் ஒருவர், தன் தாயார் பெயரை அடிப்பீடத்தின் முன்பக்கம் பொறிக்க வேண்டும் என்றார். நல்ல மனிதர், தாயார் மேல் உயிர். மறுக்கவும் முடியவில்லை, முன்பக்கம் வைக்கவும் மனமில்லை. "அண்ணா, முன்பக்கம் பொறிச்சா ஜனம் மண்டி போட்டுக்கிட்டு அம்மா பேரைத்தான் படிக்கும். அம்மாவே அதை விரும்புவாங்களா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். கடைசியில் அடித்தட்டின் உள்பக்கம், கவிழ்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி, பெயரும் ஆண்டும். பொறிப்பு வேலை சுத்தமாகச் செய்திருக்கிறார்கள், எழுத்துப் பிழை இல்லை. இதற்கும் நல்ல மதிப்பெண்.

கூட விற்கப் பார்த்தவற்றில் ஒன்று, பாத்திரத்தை உயர்த்தி வைக்கும் பீடிகை. மூன்று அடுக்கு, சிகரத்தில் மேகங்கள். வேண்டாமென்று விட்டோம். பீடத்தின்மேல் திருமேனித் துகில் விரித்து அதில் வைத்தாலே போதும். நீண்ட நேர ஆராதனைக்கு உயரமான இடம் பயன்படுத்தலாம் என்று சடங்குமுறை அனுமதிக்கிறது, ஆனால் அது அளவுமீறி உயரமாகவோ தொலைவாகவோ இருக்கக் கூடாது என்றும் சேர்த்தே சொல்கிறது. கடைசி பெஞ்சுக்குத் தெரியவில்லை என்றால் முன் பெஞ்சுக்கு வரலாம், அங்கே எப்போதும் இடம் காலிதான்.

வாங்கியே ஆக வேண்டியது, ஆனால் பாத்திரத்தோடு தராதது, லூனாவை வைக்கும் கூடு. ஆராதனை முடிந்ததும் அப்பம் லூனாவோடு நற்கருணைப் பேழைக்குள் போக வேண்டும். பாத்திரம் முழுதாக எங்கள் பேழைக் கதவுக்குள் நுழையாது. ஆகவே லூனாவை நிற்க வைத்து மூடும் சிறு கூடு ஒன்று தனியாகத் தேவை. "செட்" என்று சொல்லி விற்கிறவர்கள் இதைச் சேர்க்காதது சரியில்லை. ஒரு மதிப்பெண்ணை இங்கேதான் கழித்தேன். ஆர்டருக்கு முன் பேழையின் உள்ளளவை அளந்து, கூடும் லூனாவும் சேர்ந்து அதில் நிற்குமா என்று பாருங்கள். லூனாவில் வைத்த அப்பத்தையும் அடிக்கடி புதுப்பிக்க வேண்டும், சட்டம் 939 அதைக் கேட்கிறது. கண்ணாடிக்குள் அடைபட்ட அப்பம் ஈரம் கோத்துவிட்டால் சீக்கிரம் கெடும். இது ஃபாதரின் பொறுப்பு என்று நாங்கள் ஒதுங்கவில்லை, தேதி எழுதும் தாள் ஒன்றைப் பட்டியலோடு சேர்த்து வைத்திருக்கிறோம்.

இத்தனையும் படித்துவிட்டு, குழு தொடங்க இவ்வளவு சட்டமா, இவ்வளவு சாமானா என்று யாருக்காவது மலைப்பு வந்தால், முன்னால் தொடங்கியவர்களைப் பாருங்கள். 1848-ல் பாரீசில் ஹெர்மன் கோஹன் என்ற பியானோ கலைஞர் ஆண்களுக்கான இரவு ஆராதனையைத் தொடங்கியபோது அவர் குரு இல்லை. யூதராகப் பிறந்து, அதற்கு முந்தைய ஆண்டுதான் திருமுழுக்குப் பெற்றவர், பிற்பாடுதான் கார்மேல் சபையில் சேர்ந்தார். சிற்றாலயம் ஒன்றில் பெண்கள் இரவெல்லாம் ஆராதனையில் இருக்க, ஆண் என்பதால் அவரை வெளியே போகச் சொன்னார்களாம். நாமும் ஏன் இருக்கக் கூடாது என்று ஆள் சேர்த்தார். வெற்றிகளின் அன்னை ஆலயத்தில் டிசம்பர் 6-ஆம் தேதி இரவு தொடங்கினார்கள். உலக நற்கருணை மாநாடுகளுக்குப் பின்னால் இருந்தவரும் எமிலி தமிசியே என்ற பொதுநிலைப் பெண்தான். முதல் மாநாடு 1881-ல் பிரான்சின் லீல் நகரில் நடந்தது. அதற்கும் முன்னால் 1539-ல் உரோமையில், மினெர்வா ஆலயத்தில் திருத்தந்தை மூன்றாம் பவுலின் ஒப்புதலோடு நற்கருணைக்கென்று ஒரு பக்தசபை எழுந்தது. பேழைக்கு முன் விளக்கு எரிவதையும் நோயாளிகளுக்கு நற்கருணை மதிப்போடு போய்ச் சேர்வதையும் கவனித்துக்கொண்டார்கள். இந்த மூன்றிலும் நான் பார்ப்பது ஆள் தேடி அலைந்த கால்களைத்தான்.

நோயாளிகள் என்றதும் ஒரு வருத்தம். பாத்திரத்துக்குச் செலவழித்த உற்சாகத்தில் பாதியைக்கூட, நோயாளிகளுக்கு நற்கருணை எடுத்துச் செல்லும் சிறு பேழைகளுக்கு எங்கள் குழு காட்டவில்லை. பங்கில் இருந்ததே இரண்டு, அதில் ஒன்றுக்கு மூடி சரியாக மூடாது. அடுத்த வசூல் அதற்குத்தான் என்று கூட்டத்தில் சொல்லி நிறைவேற்றிவிட்டேன், சிலர் முகம் சுளித்தாலும்.

யாருக்கு இந்தப் பாத்திரத்தைப் பரிந்துரைப்பேன்? ஆராதனைப் பட்டியல் தள்ளாடாமல் ஓடுகிற, கையில் கொஞ்சம் சேமிப்புள்ள, பவனிக்கும் வெளியே எடுக்கப் போகிற குழுவுக்கு. பட்டியலில் பாதி இடம் காலியாக இருக்கிறவர்கள் சிபோரியத்தோடு இருங்கள். மற்றவர்கள் வாங்குவதற்கு முன் பங்குத்தந்தையிடம் கேட்டு சாக்ரிஸ்டி அலமாரியைத் திறந்து பாருங்கள். பல கோயில்களில் முலாம் கறுத்த பழைய கதிர்ப்பாத்திரம் ஒன்று செய்தித்தாளில் சுற்றி மேல்தட்டில் கிடக்கும். பழைய வார்ப்பு கனமாக இருக்கும். முலாம் புதுப்பித்து, புது லூனா ஒன்று செய்வித்தால் புதிதை விட நன்றாகவே உழைக்கும். அந்த லூனாவையும் கறுப்புத் தாளின் மேல் தட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பொதி கட்டி அனுப்பிய விதம் மோசமில்லை, கதிர்களுக்குத் தனித்தனியாகப் பஞ்சு வைத்திருந்தார்கள். வைத்துப் பூட்ட மரப்பெட்டி கேட்டிருந்தோம், அட்டைப் பெட்டிதான் வந்தது. பெட்டி பின்னால் வரும் என்றார்கள். இன்னும் வரவில்லை.